டோர்னமெண்ட் போக்கரை முழுநேர வேலையாக எடுக்கலாமா? நெக்ரானுவை வைத்து ஒரு கேள்வி

கோவை_கணக்கன்:

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், முதல் தடவை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 28. சொந்த ஊர் கோவை, திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. 2020 ஊரடங்கில் போக்கர் சீட்டாட்டம் பழகினேன். ஆன்லைனில் டோர்னமெண்ட்தான் ஆடுவேன். ஒவ்வொரு கைக்கும் நேரடியாகப் பணம் வைத்து ஆடும் கேஷ் கேமில் மனசு ஒட்டவில்லை. 2025 ஆகஸ்டில் ஆன்லைன் பண விளையாட்டுகளுக்குத் தடை போட்டு மத்தியச் சட்டம் வந்ததும் தளங்கள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. அப்புறம் நேரில் ஆடுவதற்காக கோவா மூன்று தடவை, வியட்நாம் ஒரு தடவை போய் வந்தேன்.

போன மாதம் கோவாவில் மூன்றாம் இடம் பிடித்தேன். 4,10,000 ரூபாய். வரிப்பிடித்தம் 30 சதவீதம் போக 2,87,000 கைக்கு வந்தது. விடிகாலை நாலரை மணிக்கு மாண்டோவி ஆற்றில், கசினோ கப்பலிலிருந்து கரைக்கு ஆள் ஏற்றிவரும் சின்னப் படகில் உட்கார்ந்திருந்தேன். கூட இருந்தவர்கள் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் சமையல்காரர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் தூங்கி என் தோளில் சாய்ந்துவிட்டார். எனக்குத் தூக்கமே வரவில்லை. இனிமேல் இதுதான் என் வேலை என்று அந்தப் படகில் தோன்றியது. ஒரு மாதம் ஆகியும் அந்த நினைப்பு மாறவில்லை.

எனக்கு முன்மாதிரி டேனியல் நெக்ரானு. பள்ளிப் படிப்பை முடிக்காதவர். இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக டோர்னமெண்ட் ஆடி ஐந்து கோடி டாலருக்கு மேல் ஜெயித்திருக்கிறார். போக்கரின் பெரிய போட்டித் தொடரான வேர்ல்டு சீரிஸில் ஏழு பிரேஸ்லெட், அதாவது பட்டம் ஜெயித்தால் தரும் கைவளை. அதிர்ஷ்டம் மட்டும் என்றால் ஒரே மனிதருக்கு இத்தனை வருடம் வருமா? எனக்குக் கணக்கு வரும், பொறுமை இருக்கிறது, கல்யாணம் ஆகவில்லை. வேலையை விட்டு இரண்டு வருடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஸ்காபரோ_வாசகன்:

தம்பி, வணக்கம். நெக்ரானு எங்கள் ஊர்க்காரர், அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ருமேனியாவில் இருந்து வந்த பெற்றோருக்கு 1974 இல் ரொறன்ரோவில் பிறந்தவர். பதின்ம வயதில் பூல் விளையாடும் மண்டபங்களில் சுற்றித் திரிந்து, அங்கேதான் சீட்டும் பழகினார். நான் இங்கே வந்தது 1991 இல். அந்தக் காலத்தில் தொண்டு நிறுவனங்களின் பெயரில் இடத்துக்கு இடம் சின்னக் கசினோக்கள் நடக்கும். பகலில் தொழிற்சாலை, இரவில் பாத்திரம் கழுவுகிற வேலை என்று ஓடிக்கொண்டிருந்த எங்கள் பெடியள் சிலரும் சனிக்கிழமைகளில் போவார்கள். நானும் போயிருக்கிறேன். வாரச் சம்பளத்தை ஒரே இரவில் விட்டுவிட்டு கடைசி பஸ்சும் போன பிறகு பனிக்குள் நடந்து வந்த நண்பன் எனக்கு இருக்கிறான். அதனால் இந்தக் கதையை நான் தூரத்தில் நின்று சொல்லவில்லை.

நெக்ரானு இருபது வயது தாண்டியதும் லாஸ் வேகாசுக்குப் போனார். கொண்டுபோன காசை எல்லாம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். இங்கே திரும்பவும் ஆடிச் சேர்த்தார், திரும்பவும் போனார். 1998 இல் 23 வயதில் முதல் பிரேஸ்லெட். 2004 இல் வேர்ல்டு சீரிசின் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர், 2013 இல் திரும்பவும் அதே பட்டம். திறமை இல்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது.

ஆனால் நீங்கள் கணக்குப் பிள்ளை. உங்களுக்கு ஒன்று காட்டுகிறேன். நெக்ரானுவிடம் நான் மிகவும் மதிக்கிற குணம், வருட முடிவில் தன் வரவு செலவைத் தானே வெளியில் எழுதினது. 2017 இல் அவர் போட்டிகளில் வாங்கிய பரிசுத்தொகை 27 இலட்சம் டொலருக்கு மேல். இணையத்தில் அவருடைய பெயருக்கு எதிரே அந்த வருடத்துக்கு அந்தத் தொகைதான் நிற்கும். ஆனால் அதே வருடம் அவர் கட்டிய நுழைவுப் பணம் அதைவிடக் கூட. முடிவில் கிட்டத்தட்ட 86,000 டொலர் நட்டம் என்று அவரே எழுதினார். அதற்கு முதல் வருடம், 2016 இல், நட்டம் 12 இலட்சம் டொலரைத் தாண்டியது. உலகத்தின் முன்னணி ஆட்டக்காரர் ஒருவருக்கு இரண்டு வருடம் தொடர்ந்து நட்டம், தம்பி. அதே இரண்டு வருடத்தைத்தான் நீங்கள் உங்களுக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறீர்கள்.

2014 ஐயும் பாருங்கள். நுழைவுக் கட்டணமே பத்து இலட்சம் டொலரான பிக் ஒன் போட்டி. 42 பேர் ஆடினார்கள். டேனியல் கோல்மன் முதலாவது, நெக்ரானு இரண்டாவது. அந்த ஒரு மேசையில் அவருக்கு 82,88,001 டொலர். நீங்கள் சொல்கிற ஐந்து கோடியில் இந்த ஒரு போட்டியின் பங்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

பாலைநிலம்:

ஸ்காபரோ அண்ணன் சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். நான் நெவாடாவில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். கோடையில் வேர்ல்டு சீரிஸ் நடக்கும்போது இரண்டு மூன்று போட்டி ஆடுவது வழக்கம்.

இணையத்தில் இருக்கும் 'மொத்த வெற்றித்தொகை' பட்டியலை எல்லாரும் சம்பளம் மாதிரி படிக்கிறார்கள். அது கடையின் கல்லாவில் விழுந்த பணம். சரக்கு வாங்கிய செலவு அதில் கிடையாது. ஒரு போட்டியில் மூன்று தடவை ரீ-என்ட்ரி எடுத்து, அதாவது தோற்றபின் மறுபடி கட்டணம் கட்டி நுழைந்து, நாலாவது தடவையில் குறைந்தபட்சப் பரிசு வாங்கினால் ஆளுக்கு நஷ்டம்தான். பட்டியலில் மட்டும் அது வெற்றியாக ஏறும்.

அந்தப் பணமாவது முழுதாக அவருடையதா என்றால், பெரும்பாலும் இல்லை. பெரிய டோர்னமெண்ட் ஆடுகிறவர்கள் நிறையப் பேர் தங்கள் ஆட்டத்தில் பங்கு விற்றுவிட்டுத்தான் உட்காருகிறார்கள். பத்தாயிரம் டாலர் போட்டி என்றால் ஆறாயிரம் மற்றவர்களுடையதாக இருக்கும். ஜெயித்தால் அறுபது சதவீதம் அவர்களுக்கு. இன்னொரு முறை, பணம் போடும் பேக்கர் ஒருவர் எல்லாப் போட்டிக்கும் கட்டணம் கட்டுவார். தோற்றது எல்லாம் ஆட்டக்காரர் பெயரில் ஏறிக்கொண்டே போகும். அதற்கு மேக்கப் என்று பேர். அடுத்து ஜெயிக்கும்போது முதலில் அந்த மேக்கப் கழியும், மிச்சம் இருந்தால்தான் இரண்டு பேரும் பிரித்துக்கொள்வார்கள். கந்துவட்டி இல்லை என்றாலும் நெஞ்சில் கிடக்கும் கனம் அதேதான். ரெண்டு லட்சம் டாலர் மேக்கப்பில் இருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். ஒரு போட்டியில் 90,000 ஜெயித்து வந்தார். எல்லாரும் கை கொடுத்தார்கள். அவருக்கு அன்று சாப்பாட்டுக்குக்கூட அதில் ஒரு டாலர் கிடையாது.

ஸ்டூ உங்கர் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1980, 1981, அப்புறம் 1997 என்று வேர்ல்டு சீரிஸின் முக்கியப் போட்டியான மெயின் ஈவென்டை மூன்று தடவை ஜெயித்தவர். 1997ல் கட்டணம் பத்தாயிரம் டாலரைப் போட்டது பில்லி பாக்ஸ்டர். பத்து லட்சம் டாலர் பரிசை இருவரும் பாதிப் பாதி எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருட நவம்பரில் உங்கர் லாஸ் வேகாஸில் ஒரு மலிவு விலை மோட்டலில் தனியாக இறந்து கிடந்தார். வயது 45. போதைப் பழக்கம் முக்கியக் காரணம், அதை மறைக்கவில்லை. ஆனால் ஐந்து லட்சம் டாலர் ஒரு வருடம்கூட நிற்கவில்லை என்பதும் இந்தத் தொழிலின் கதைதான்.

அப்புறம் டீல், அதாவது கடைசியில் மிஞ்சியவர்கள் பேசிப் பரிசைப் பிரித்துக்கொள்வது. 2019ல் லண்டனில் நடந்த டிரைட்டன் மில்லியனில் பட்டம் வாங்கியது ஆரன் ஜாங். பணத்தை அதிகம் வாங்கியது இரண்டாம் இடம் வந்த பிரின் கென்னி, கிட்டத்தட்ட 1.69 கோடி பவுண்டு. கடைசி இருவர் மிஞ்சியபோது கென்னியிடம் சிப்ஸ் (ஆட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைகள்) அதிகம் இருந்ததால் அப்படிப் பிரித்துக்கொண்டார்கள். பட்டியலை மட்டும் பார்க்கிறவருக்கு இதெல்லாம் தெரியாது.

கோவை_கணக்கன்:

மூவருக்கும்... மன்னிக்கவும், இருவருக்கும் நன்றி. 2017 கணக்கு எனக்கு நிஜமாகவே புதுசு. இரவு இரண்டு மணி வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நெக்ரானு ஆடுவது 25,000, ஒரு லட்சம் டாலர் போட்டிகள். அங்கே எதிரில் இருப்பவர்கள் எல்லாம் உலகத் தரம். நான் ஆடப்போவது பத்தாயிரம், இருபதாயிரம் ரூபாய் போட்டிகள். அங்கே மேஜைக்கு இரண்டு பேர் மட்டும்தான் உருப்படியாக ஆடுகிறார்கள். அந்தக் கணக்கை இதோடு ஒப்பிடலாமா? கிறிஸ் மணிமேக்கரும் என்னைப் போல ஒரு கணக்காளர்தான். ஆன்லைனில் 86 டாலர் தகுதிப் போட்டியில் ஜெயித்து 2003 மெயின் ஈவென்டுக்குப் போய் 25 லட்சம் டாலரோடு வந்தார்.

நிகழ்தகவு:

கணிதம் கற்பிக்கிறேன், போக்கர் வாரம் ஒரு நாள் நண்பர்களோடு, பணம் இல்லாமல்.

உங்கள் முதல் கேள்வி நியாயமானது. எளிய மேஜையில் நல்ல ஆட்டக்காரருக்கு அனுகூலம் பெரிதுதான். சரி, எவ்வளவு பெரிது, அது வெளியே தெரிய எத்தனை நாள் ஆகும் என்று போட்டுப் பார்ப்போம்.

பெரும்பாலான போட்டிகளில் நூற்றுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து பேருக்குப் பரிசு. நீங்கள் நன்றாக ஆடுகிறீர்கள், நூற்றுக்குப் பதினெட்டு தடவை பரிசுக்குள் வருகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒவ்வொரு போட்டியிலும் வெறுங்கையோடு வெளியேற 82 சதவீதம் வாய்ப்பு. தொடர்ந்து பத்துப் போட்டி வெறுங்கையாகப் போக 0.82ஐப் பத்துத் தடவை பெருக்குங்கள். சுமார் 14 சதவீதம் வரும். அதாவது பத்துப் பத்துப் போட்டியாகப் பிரித்தால் ஏழில் ஒன்று இப்படிப் போகும். தொடர்ந்து இருபது என்றால் கிட்டத்தட்ட 2 சதவீதம். சின்ன எண் மாதிரி தெரியும். வருடக்கணக்கில் ஆடினால் அதுவும் என்றோ ஒரு நாள் வந்தே தீரும்.

இது பரிசுக்குள் வருவது பற்றி மட்டும். பரிசுக்குள் வந்தவர்களில் பெரும்பான்மையோருக்குக் கட்டணத்தைப் போல ஒன்றரை, இரண்டு மடங்குதான். வருட லாபம் முழுதும் முதல் மூன்று இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடங்கள் வருடத்துக்கு இரண்டோ மூன்றோ வரும், வராமலும் போகும். ஆன்லைனில் ஒரு மாதத்தில் முந்நூறு போட்டி ஆடலாம், சராசரி சீக்கிரம் முகம் காட்டும். நேரில் வருடத்துக்கு அறுபது, எழுபது ஆடினாலே பெரிது. இரண்டு வருட முடிவில் நீங்கள் லாபத்தில் இருந்தாலும் நஷ்டத்தில் இருந்தாலும், நீங்கள் நல்ல ஆட்டக்காரரா என்பதற்கு அது சாட்சி ஆகாது. என்னைக் கேட்டால் இந்தத் தொழிலில் கொடுமையான இடம் இதுதான். மற்ற எந்த வேலையிலும் இரண்டு வருடம் செய்தால் நமக்கு அது வருமா வராதா என்று தெரிந்துவிடும்.

மணிமேக்கர் விஷயம். 2003ல் மெயின் ஈவென்டில் ஆடியவர்கள் 839 பேர். அவர் ஜெயித்ததைப் பார்த்து அடுத்த வருடம் 2,576 பேர், 2006ல் 8,773 பேர் வந்தார்கள். அவரும் போகும் முன் தன் ஆட்டத்தில் கணிசமான பங்கை அப்பாவுக்கும் நண்பருக்கும் விற்றிருந்தார். 839 பேரில் ஒருவரை நமக்குத் தெரியும். மற்ற 838 பேரில் எத்தனை கணக்காளர்கள் இருந்தார்களோ.

மலர்விழி_திருச்சி:

இந்த இழையை என் மகன்தான் காட்டினான். எனக்குப் போக்கர் தெரியாது. ஆனால் எழுதாமல் இருந்தால் எனக்கே மனசு ஆறாது.

என் தம்பி ஒரு செயலியில் ரம்மி ஆடினான். செயலியின் பெயர் வேண்டாம். முதல் மாதம் பதினோராயிரம் ஜெயித்தான். எங்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கிக் கொடுத்தான், அம்மாவுக்குச் சுங்குடிச் சேலை. அந்தப் பதினோராயிரத்தை அவன் கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தான். விட்டது எவ்வளவு என்று மூன்று வருடம் ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு நாள் நகைக்கடன் சங்கத்திலிருந்து ஆள் வந்தபோதுதான் அம்மாவின் வளையல் வீட்டில் இல்லை என்று தெரிந்தது. அவன் இப்போது நன்றாக இருக்கிறான், வேலைக்குப் போகிறான். கடன் போன தையில்தான் அடைந்தது.

நீங்கள் அவனைப் போல இல்லை என்று சொல்வீர்கள். இருக்கலாம். நீங்கள் நிறையப் படித்து, யோசித்து ஆடுகிறீர்கள் என்று எழுத்திலேயே தெரிகிறது. நான் கேட்பது ஒன்றுதான் தம்பி. நீங்கள் ஜெயித்த 4,10,000ஐ எழுதினீர்கள். அதுவரை போட்டது எவ்வளவு என்று எங்கேயும் எழுதவில்லையே. அது தெரியுமா உங்களுக்கு?

கடைசிச்சீட்டு:

அக்கா கேட்ட கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நான் ஆட்டக்காரன் பக்கத்திலிருந்து பேசுகிறேன், ஏனென்றால் இங்கே யாரும் அப்படி எழுதவில்லை.

2018லிருந்து 2022 வரை முழுநேரமாக ஆடினேன். இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் தரவுப் பகுப்பாய்வு வேலை. நான்கு வருடத்தில் என் கையில் மிஞ்சியது, அதே நான்கு வருடம் வேலையில் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் சம்பளத்தில் பாதிக்கும் கீழே. ஆனாலும் அந்த வருடங்களைக் கெட்ட வருடங்கள் என்று சொல்ல என்னால் முடியாது. 2017ல் ஆதித்யா சுஷாந்தும் நிபுண் ஜாவாவும் சேர்ந்து டேக் டீம் போட்டியில் பிரேஸ்லெட் வாங்கியபோது எங்கள் கூட்டத்தில் அழுதவர்கள் உண்டு. நம் ஆட்களாலும் முடியும் என்ற சந்தோஷம். 2024ல் சந்தோஷ் சுவர்ணா இரண்டரை லட்சம் டாலர் போட்டியை ஜெயித்தபோதும் அதே சந்தோஷம்.

பணத்தை விடுங்கள், வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தால் விடிகாலை மூன்று மணி வரை. நூறு கையில் எண்பது கையை மடித்துப் போடுவீர்கள். மடித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. எதிரில் இருப்பவர் எவ்வளவு போட்டார், எதைக் காட்டினார், சிப்ஸைத் தொடும்போது விரல் எங்கே நின்றது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் வேலை. சீட்டு ஆடுவது அதில் கொஞ்ச நேரம்தான்.

பப்பிள் பற்றி ஒன்று, அதாவது இன்னும் ஒருவர் போனால் மிச்சப் பேருக்கெல்லாம் பரிசு என்ற கட்டம். 2021ல் கோவா, 15,000 ரூபாய் போட்டி. 28 பேர் மிச்சம், 27 பேருக்குப் பரிசு. எல்லா மேஜையும் ஒரு கை முடிந்து அடுத்த மேஜைக்காகக் காத்திருக்கும் கட்டம். என்னிடம் ஒன்பது பிக் பிளைண்ட்தான் (சீட்டுப் பார்க்கும் முன்பே முறைவைத்துக் கட்டாயமாகப் போடும் தொகை) இருந்தது. எதிரில் மலை போலச் சிப்ஸ் வைத்திருந்த ஒருவர் சீட்டைப் பார்க்காமலே ஆல்-இன், அதாவது இருப்பதை முழுதும், போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஏழு, ஏழு என்று ஒரு ஜோடி வந்தது. சிப்ஸ் கணக்குப்படி அது கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டிய கை. பணக் கணக்கு வேறு. பக்கத்து மேஜையில் ஒருவர் இரண்டு பிளைண்டோடு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் போனால் எனக்கு 24,000 உறுதி. என் முழங்கால் மேஜைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது, கையால் அழுத்திப் பிடித்தேன். மடித்தேன். ஆல்-இன் போட்டவர் திருப்பிக் காட்டியது ஜாக், நான்கு. அடுத்த கையில் பக்கத்து மேஜைக்காரர் வெளியேறினார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். அடுத்த மாதம் அதே மாதிரிக் கட்டத்தில் எட்டு, எட்டு ஜோடியை ஏற்றேன், வெளியே வந்தேன். இரண்டு முடிவுமே சரியானவைதான். ஒன்றுக்கு 24,000 வந்தது, மற்றதற்குப் பூஜ்யம். மாதக்கணக்கில் இதைத் தாங்கிக்கொண்டு மறுநாள் அதே தெளிவோடு உட்காருகிறவர்தான் தொழில்முறை ஆட்டக்காரர். எனக்கு நான்காம் வருடத்தில் அந்தத் தெளிவு போய்விட்டது.

நெக்ரானுவிடம் நான் பார்ப்பது பிரேஸ்லெட்டுகளை அல்ல, இதைத்தான். 2015 மெயின் ஈவென்டில் 11ஆம் இடத்தில் வெளியேறினார். கடைசி ஒன்பது பேர் உட்காரும் ஃபைனல் டேபிளுக்கு இன்னும் இரண்டு பேர் வெளியேற வேண்டிய கட்டம். அவர் கையில் ஏஸ் ஜோடி முன்னால் இருந்தது, கடைசிச் சீட்டில் ராணி விழுந்து எதிராளி மெக்கீனுக்கு ஐந்து சீட்டு வரிசை சேர்ந்தது. நெக்ரானு அப்படியே தரையில் மல்லாக்க விழுந்தார். அந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். 2013க்கு அப்புறம் பிரேஸ்லெட்டே இல்லாமல் பதினோரு வருடம் ஓடியது. அத்தனை கோடையும் வந்து உட்கார்ந்தார். 2024ல் 50,000 டாலர் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பை ஜெயித்தபோது அவருக்கு 49 வயது.

ஸ்காபரோ_வாசகன்:

கடைசிச்சீட்டு தம்பி எழுதினதை இரண்டு முறை வாசித்தேன். அந்தப் பதினோரு வருடத்தைப் பற்றி ஒரு சொல் மட்டும். அவர் ஆடிக்கொண்டே இருந்தார், சரி. யாருடைய காசில் இருந்தார்? 2007 இல் இருந்து 2019 வரை போக்கர்ஸ்டார்ஸ் தளத்தின் முகம் அவர். 2019 முடிவில் ஜிஜிபோக்கர் என்ற இன்னொரு தளத்துக்குப் போனார். புத்தகம் எழுதினார், வகுப்பு எடுத்தார், கோடை முழுதும் காணொளி போட்டார். போட்டியில் நட்டம் வந்த வருடத்திலும் வீட்டுக்கு வருமானம் வந்தது. இது தப்பு இல்லை, அவர் உழைத்துச் சம்பாதித்த பெயர். ஆனால் அந்தப் பெயர் வரும் முன்பே வேலையை விடுகிற பிள்ளைக்கு அந்தத் தாங்குதூண் இல்லை.

பாலைநிலம்:

வரியையும் மறக்க வேண்டாம். கணக்கன், உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். இந்தியாவில் சீட்டாட்ட வெற்றிக்கு 30 சதவீதம், தோற்ற போட்டிகளை அதிலிருந்து கழிக்க முடியாது. அமெரிக்காவுக்கு வந்து ஆடினால் இந்தியருக்கு இங்கேயும் 30 சதவீதம் பிடிப்பார்கள். இங்கே வசிக்கும் எங்களுக்கே இப்போது சிக்கல். 2025 ஜூலையில் வந்த வரிச் சட்டம் 2026 முதல் தோல்வியில் 90 சதவீதத்தை மட்டும்தான் கழிக்கவிடுகிறது. பத்து லட்சம் ஜெயித்துப் பத்து லட்சம் தோற்ற ஆட்டக்காரர், கையில் ஒன்றுமே இல்லாமல், ஒரு லட்சத்துக்கு வரி கட்ட வேண்டும். 27 லட்சம் வாங்கி அதற்கு மேல் கட்டிய நெக்ரானுவின் 2017ஐ இந்தச் சட்டத்தில் வைத்துப் பாருங்கள்.

கோவை_கணக்கன்:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். மலர்விழி அக்கா கேட்டதற்குப் பதில் தெரியாமல் இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

தினமும் அடுத்தவர் கம்பெனியில் ஐம்பது ரூபாய் தேநீர்ச் செலவுக்குக்கூட வவுச்சர் கேட்கிறவன் நான். என் ஆட்டத்துக்கு ஒரு பக்கம்கூடக் கணக்கு எழுதி வைக்கவில்லை. ஜெயித்தது மட்டும் போனில் ஒரு குறிப்பில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வங்கி அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நேரில் ஆடிய நான்கு பயணம் மட்டும். கோவாவில் ரீ-என்ட்ரி சேர்த்து 17 தடவை கட்டணம், 3,05,000. வியட்நாமில் ஆறு, 1,48,000. விமானம், அறை, சாப்பாடு 1,31,000. ஆக 5,84,000. வந்தது: மூன்றாம் இடத்தின் 2,87,000, அதற்கு முன் இரண்டு சின்னப் பரிசு 38,000, 27,000. மொத்தம் 3,52,000.

2,32,000 ரூபாய் நஷ்டத்தில் இருக்கிறேன். அந்தப் படகில் உட்கார்ந்து வாழ்க்கையை முடிவு செய்தபோதும் இதே நஷ்டத்தில்தான் இருந்திருக்கிறேன். கூட்டிப் பார்த்ததும் முதலில் எங்கேயோ தப்பு என்று நினைத்து மறுபடி கூட்டினேன். மூன்று தடவையும் அதே எண்.

வேலையை விடவில்லை. ராஜினாமாக் கடிதம் தட்டச்சு செய்து வைத்திருந்தேன், அதை அழித்துவிட்டேன். ஆடுவதை விட்டுவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஏப்ரலில் ஒரு தடவை கோவா போவேன், ஒரே போட்டி, ரீ-என்ட்ரி கிடையாது. நிகழ்தகவு அவர்கள் சொன்னபடி இதை வைத்து நான் மோசமான ஆட்டக்காரன் என்றும் சொல்ல முடியாது என்பது தெரிகிறது. ஆனால் இனி ஒவ்வொரு கட்டணமும் எழுதப்படும். கடைசிச்சீட்டு அண்ணா, அந்த ஏழு ஜோடியை நான் ஏற்றிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதைப் பற்றி உங்களிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

ஆன்லைனில் ஆடிய ஐந்து வருடக் கணக்கை இன்னும் தொடவில்லை. அறிக்கைகள் எல்லாம் பழைய மின்னஞ்சலில் கிடக்கின்றன. திறக்கப் பயமாக இருக்கிறது.

மலர்விழி_திருச்சி:

அடுத்த ஞாயிறு காலை சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள் தம்பி, ராத்திரியில் வேண்டாம். என் தம்பி கணக்கு எழுதும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கூட யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் இங்கே எழுதுங்கள், நான் பார்ப்பேன்.